ஜாவா 8-ல இருந்து 21-க்கு மாறுறது எப்படி: படிப்படியா ஒரு முழுமையான வழிகாட்டி

ஜாவா 8 வந்தது 2014 மார்ச்ல. இன்னைக்கும் நிறைய ஆபீஸ்ல ப்ரொடக்‌ஷன்ல ஓடிட்டு இருக்கிறது அதுதான். அதனாலயே ஜாவான்னா ஒரு சின்ன க்ளாஸுக்கு கூட ஐம்பது வரி எழுதணும், கெட்டர் செட்டர் ஈக்குவல்ஸ் ஹேஷ்கோடுன்னு பக்கம் பக்கமா போகும்னு ஒரு பேரு நிலைச்சு போச்சு. 2023 செப்டம்பர் 19 அன்னைக்கு வந்த ஜாவா 21-அ ஒரு தடவை உக்காந்து ஒழுங்கா எழுதி பாத்தவங்க அப்படி சொல்ல மாட்டாங்க. எல்லாரும் பேசுறது விர்ச்சுவல் த்ரெட் பத்திதான், அது பெரிய விஷயம்தான், மறுக்கல. ஆனா என்னைக் கேட்டா அதவிட பெரிய விஷயம் வேற: நாம ஒரு இடத்துல எதையாவது விட்டுட்டா கம்பைலரே கைய பிடிச்சு நிறுத்துற மாதிரி கோட எழுத முடியுது. ரெக்கார்ட், சீல்டு, ஸ்விட்ச் மூணையும் சேத்து பாத்தாதான் இது புரியும், தனித்தனியா பாத்தா சின்ன சின்ன வசதி மாதிரிதான் தெரியும். அத கீழ விரிவா சொல்றேன், அதுக்கு முன்னாடி பழைய ப்ராஜெக்ட்ட உடைக்காம 21-க்கு கொண்டு வரணும்.

எந்த வெர்ஷன், யாரோட ஜேடிகே

2018-ல இருந்து ஆறு மாசத்துக்கு ஒரு வெர்ஷன் வருது, மார்ச்ல ஒண்ணு செப்டம்பர்ல ஒண்ணு. எல்லாத்துக்கும் நீண்ட நாள் சப்போர்ட் கிடையாது. 8, 11, 17, 21, 25 இந்த அஞ்சுக்குதான் உண்டு, ப்ரொடக்‌ஷனுக்கு இதுல ஒண்ண எடுங்க. நடுவுல இருக்கிற 18, 19, 20 எல்லாம் ஆறு மாசத்துல காலாவதி ஆயிடும்.

ஜேடிகேன்னா ஜாவா கோட கம்பைல் பண்ணி ஓட்ட வேண்டிய டூல் தொகுப்பு. ஆரக்கிள் ஜேடிகே போடுறதா இருந்தா லைசென்ஸ் விதிய முழுசா படிச்சிட்டு போடுங்க, அது வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறியிருக்கு. அந்த தலைவலி வேணாம்னா அடாப்டியம் தர்ற டெமுரின், இல்லன்னா அமேசான் கொரெட்டோ, ரெண்டுமே ஓப்பன் ஜேடிகேதான், காசு கிடையாது.

இன்ஸ்டால் பண்ணதும் டெர்மினல்ல ஜாவா வெர்ஷன் மட்டும் பாத்துட்டு நிறுத்திடாதீங்க. பில்ட் டூலான மேவன் எடுக்கிறது ஜாவா ஹோம் என்விரான்மென்ட் வேரியபிள்ல இருக்கிற ஜேடிகேவை, பாத் (PATH) வேரியபிள்ல இருக்கிறத இல்ல. பாத்ல 21, ஜாவா ஹோம்ல 8-னு இருந்தா டெர்மினல் 21-னு காட்டும், பில்ட் 8-ல நடக்கும், ரெக்கார்ட்னு எழுதின இடத்துல எல்லாம் எரர் வரும், ஏன்னு தெரியாம அரை நாள் போயிடும். மேவனோட வெர்ஷன் கமாண்ட போட்டா அது எந்த ஜாவாவ எடுத்திருக்குன்னு சேத்து காட்டும், அத பாருங்க. மேவனுக்கு பதிலா க்ரேடிலா இருந்தா 8.5 இல்ல அதுக்கு மேல இருக்கணும்.

பழைய ஜார முதல்ல அப்படியே ஓட்டுங்க

இதுதான் நிறைய பேரு தாண்டி குதிக்கிற படி. கோட்ல ஒரு எழுத்து கூட மாத்தாம, 8-ல கம்பைல் பண்ண அதே ஜார் ஃபைல (கம்பைல் ஆன கோட் பொட்டலம்) 21 ஜேவிஎம்ல (அத ஓட்டுற இன்ஜின்) டெஸ்ட் சர்வர்ல ஓட்டுங்க. பழைய பைட்கோட் புது ஜேவிஎம்ல ஓடும், அது பிரச்சனை இல்ல. உடையப்போறது வேற இடங்கள்ல, அது எதுன்னு இப்பவே தனியா தெரிஞ்சிடும்.

முதல் அடி பெரும்பாலும் ஸ்டார்ட்டப் ஸ்க்ரிப்ட்ல இருக்கிற ஜேவிஎம் ஃப்ளாக்ல விழும். சிஎம்எஸ்னு ஒரு கார்பேஜ் கலெக்டர (ஜிசி, உபயோகம் முடிஞ்ச மெமரிய சுத்தம் பண்றது) 14-லயே எடுத்துட்டாங்க, அந்த ஃப்ளாக் இருந்தா 21 ஸ்டார்ட்டே ஆகாது. ஜிசி லாகுக்கு டேட் ஸ்டாம்ப் போடுற பழைய ஃப்ளாகும் அப்படித்தான், 9-ல இருந்து லாகிங் முறையே மாறிடுச்சு. பத்து வருஷத்துக்கு முன்னாடி யாரோ போட்ட ஃப்ளாக் எல்லாத்தையும் எடுத்துட்டு ஹீப் சைஸ் (ஆப்ஜெக்டுக்கு ஒதுக்குற மெமரி அளவு) மட்டும் வச்சு ஆரம்பிங்க, அப்புறம் தேவைன்னா சேத்துக்கலாம்.

ரெண்டாவது, க்ளாஸ் கிடைக்கலன்னு வர்ற எரர். எக்ஸ்எம்எல் பைண்டிங் பண்ற ஜாக்ஸ்பி, சோப் வெப் சர்வீஸ் க்ளாஸ்கள், போஸ்ட் கன்ஸ்ட்ரக்ட் மாதிரி அனோட்டேஷன் எல்லாம் 8-ல ஜேடிகேக்கு உள்ளேயே இருந்துச்சு, 11-ல வெளியே எடுத்துட்டாங்க. டிபெண்டன்சியா சேத்தா சரியாயிடும். ஜாவாஸ்க்ரிப்ட் ஓட்ட நாஷார்ன் உபயோகிச்சிருந்தா அது 15-ல போயிடுச்சு, அதுக்கும் தனி லைப்ரரி இருக்கு.

மூணாவது, ரிஃப்ளெக்‌ஷன் (ஓடும்போதே க்ளாஸோட உள்ள பாக்குற வசதி) வழியா ஜேடிகேவோட உள் க்ளாஸுகளுக்குள்ள கை விடுற லைப்ரரிகள். 17-ல இருந்து அந்த கதவ இறுக்கி சாத்திட்டாங்க. ஆட் ஓப்பன்ஸ் ஃப்ளாக் போட்டு திறக்கலாம், ஆனா அது தற்காலிகம்தான், அந்த லைப்ரரியோட புது வெர்ஷன் வந்திருக்கான்னு பாக்குறதுதான் முறை. கெட்டர் செட்டர தானா எழுதி தர்ற லாம்போக் லைப்ரரி உபயோகிச்சா 1.18.30 இல்ல அதுக்கு மேல வேணும், அதுக்கு கீழ இருந்தா 21-ல கம்பைலே ஆகாது, வர்ற எரர் மெசேஜும் லாம்போக் பேர சொல்லாது, அதனால இத முதல்லயே ஏத்திடுங்க.

வெப் ஆப் எழுதுற ஃப்ரேம்வொர்க்கான ஸ்ப்ரிங் பூட் உபயோகிச்சா, அதோட 2.7 ஜாவா 21-ல ஓடும். ஸ்ப்ரிங் பூட் 3-க்கு குறைஞ்சது ஜாவா 17 வேணும், அதோட ஜாவாக்ஸ்னு ஆரம்பிக்கிற பேக்கேஜ் நிறைய ஜகார்த்தான்னு மாறும். ஜாவா ஏத்துறதும் ஸ்ப்ரிங் ஏத்துறதும் ஒரே ரிலீஸ்ல வேண்டவே வேண்டாம், எது உடைச்சதுன்னு கண்டுபிடிக்க முடியாம போயிடும். ஜாவாவ முதல்ல ஏத்துங்க, ரெண்டு வாரம் ஓடட்டும், அப்புறம் ஸ்ப்ரிங்.

தமிழ் டெக்ஸ்ட் வச்சிருக்கிறவங்க இத கட்டாயம் படிங்க

ஜாவா 18-ல ஒரு மாற்றம் வந்துச்சு, வெளியே பெருசா யாரும் பேசல, ஆனா தமிழ்ல டேட்டா வச்சிருக்கிறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். டீஃபால்ட் கேரக்டர் செட் எல்லா ஆபரேட்டிங் சிஸ்டத்துலயும் யூடிஎஃப்-8 ஆயிடுச்சு. அதுக்கு முன்னாடி அது மெஷின பொறுத்தது. இங்கிலீஷ் செட்டிங்ல இருக்கிற விண்டோஸ்ல அது விண்டோஸ்-1252, அதுல தமிழ் எழுத்தே கிடையாது. அதனால ஃபைல் ரைட்டர்ல தமிழ் பேர எழுதினா ஒவ்வொரு எழுத்துக்கும் கேள்விக்குறி விழுந்து ஃபைல் முழுக்க கேள்விக்குறியா வரும், அதே கோட் லினக்ஸ்ல ஒழுங்கா ஓடும், டெவலப்பர் மெஷின்ல சரியா இருக்கு சர்வர்ல இல்லன்னு சண்டை நடக்கும்.

கெட்டுப்போன தமிழ் ஃபைல் கைல வந்தா அது எந்த வகைன்னு பாத்த உடனே சொல்லலாம். வெறும் கேள்விக்குறியா இருந்தா எழுதும்போதே போயிடுச்சு, அத மீட்க வழியே இல்ல, மூல டேட்டாவுக்குதான் போகணும். கறுப்பு டைமண்டுக்குள்ள கேள்விக்குறின்னா படிக்கும்போதுதான் தப்பு, ஃபைல் வேற என்கோடிங்ல பத்திரமா இருக்கும், சரியான கேரக்டர் செட் குடுத்து படிச்சா வந்துடும். ரெஜிஸ்டர்டு குறி, அதாவது வட்டத்துக்குள்ள ஆர், திரும்ப திரும்ப வந்தா அது நல்ல யூடிஎஃப்-8 தமிழ 1252-னு நினைச்சு படிச்சது. தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் யூடிஎஃப்-8-ல மூணு பைட், அதுல ரெண்டாவது பைட் பாதி எழுத்துக்கு அந்த குறியாத்தான் தெரியும், அதான் காரணம். இதுவும் மீட்கக்கூடியதுதான்.

21-க்கு மாறினா புதுசா எழுதுறது எல்லாம் சரியாயிடும். ஆனா பழைய விண்டோஸ் சர்வர் 8-ல எழுதி வச்ச ஃபைல, டீஃபால்ட நம்பி படிக்கிற கோட் இருந்தா அங்க உடையும். அதனால ஃபைல் ரீடர், ஃபைல் ரைட்டர், ஆர்க்யூமென்ட் இல்லாத கெட் பைட்ஸ் இந்த மூணையும் ப்ராஜெக்ட் முழுக்க தேடி, எந்த கேரக்டர் செட்னு ஒவ்வொரு இடத்துலயும் வெளிப்படையா எழுதுங்க. இன்னொண்ணு, விண்டோஸ் கன்சோல்ல ப்ரின்ட் ஆகுறது இப்பவும் கன்சோலோட சொந்த என்கோடிங்தான். அங்க தமிழ் தெரியலன்னா ஃபைலும் கெட்டுப்போச்சுன்னு நினைக்க வேண்டாம், ஃபைல எடிட்டர்ல திறந்து பாருங்க.

இப்ப கம்பைல்

மேவன்ல சோர்ஸ், டார்கெட்னு ரெண்டு செட்டிங் இருக்கிறத எடுத்துட்டு ரிலீஸ்னு ஒண்ணே ஒண்ணு வச்சு 21 போடுங்க. சோர்ஸ், டார்கெட் ரெண்டும் லாங்குவேஜ் அளவையும் பைட்கோடையும் மட்டும்தான் பாக்கும், அந்த வெர்ஷன்ல இல்லாத மெத்தட கூப்பிட்டா கண்டுக்காது. ரிலீஸ் அதையும் சேத்து பாக்கும்.

ரெக்கார்ட், சீல்டு, ஸ்விட்ச்: மூணும் சேந்த ஒரு வேலை

ஒரு கடை பில்லிங் சாஃப்ட்வேர எடுத்துக்கலாம். பணம் வர்ற வழி மூணு: ரொக்கம், கார்டு, யூபிஐ. பழைய முறைல பேமென்ட்னு ஒரு அப்ஸ்ட்ராக்ட் க்ளாஸ், அதுக்கு கீழ மூணு க்ளாஸ், ஒவ்வொண்ணுலயும் ஃபீல்ட், கன்ஸ்ட்ரக்டர், கெட்டர், ஈக்குவல்ஸ், ஹேஷ்கோட். அப்புறம் ரசீது அடிக்கிற இடத்துல இன்ஸ்டன்ஸ் ஆஃப் போட்டு, காஸ்ட் பண்ணி, எல்ஸ் இஃப் எல்ஸ் இஃப்னு ஒரு ஏணி.

முதல் படி, மூணையும் ரெக்கார்ட் ஆக்குங்க. ரெக்கார்ட்னு எழுதி, கார்டுன்னு பேரு குடுத்து, ப்ராக்கெட்டுக்குள்ள தொகை, கடைசி நாலு நம்பர், பேங்க் மூணையும் டைப்போட போட்டு, காலி ப்ரேஸ் போட்டா க்ளாஸ் முடிஞ்சுது. கன்ஸ்ட்ரக்டர், ஈக்குவல்ஸ், ஹேஷ்கோட், டு ஸ்ட்ரிங் எல்லாம் தானா வந்துடும், ஃபீல்ட் எல்லாம் ஃபைனல். தொகை மைனஸ்ல வரக்கூடாதுன்னு செக் பண்ணணும்னா ப்ராக்கெட்டே இல்லாம கார்டுன்னு மட்டும் எழுதி ஒரு ப்ளாக் போடலாம், காம்பேக்ட் கன்ஸ்ட்ரக்டர்னு பேரு, அங்க செக் மட்டும் எழுதினா போதும், ஃபீல்டுக்கு வேல்யூ போடுறத கம்பைலரே பாத்துக்கும்.

ரெக்கார்ட்ல கவனிக்க வேண்டியது மூணு. ஃபீல்ட படிக்கிற மெத்தட் பேருக்கு முன்னாடி கெட் வராது, அதனால கெட்டர நம்பி வேலை செய்ற பழைய லைப்ரரிக்கு ஃபீல்டே தெரியாது, ஜேசன் லைப்ரரியான ஜாக்சன் 2.12-ல இருந்து ஒழுங்கா எடுத்துக்குது. டேட்டாபேஸ் டேபிளோட இணைக்கிற ஜேபிஏ என்டிட்டி க்ளாஸ ரெக்கார்ட் ஆக்க முடியாது, அதுக்கு ஆர்க்யூமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் வேணும், டேட்டாபேஸுக்கு வெளியே அனுப்புற டேட்டாவுக்கு மட்டும் ரெக்கார்ட் வைங்க. மூணாவது, உள்ள ஒரு லிஸ்ட் வச்சா லிஸ்ட் மாறாதுன்னு நினைக்காதீங்க, அந்த ரெஃபரன்ஸ்தான் மாறாது, உள்ள யாரு வேணாலும் ஐட்டம் சேக்கலாம். காம்பேக்ட் கன்ஸ்ட்ரக்டர்ல லிஸ்டோட காப்பி ஆஃப் போட்டு எடுத்து வைங்க.

ரெண்டாவது படி, பேமென்ட்ட சீல்டு இன்டர்ஃபேஸ் ஆக்குங்க. பெர்மிட்ஸ்னு போட்டு ரொக்கம், கார்டு, யூபிஐ மூணு பேர மட்டும் எழுதினா, இந்த மூணத் தவிர வேற எந்த க்ளாஸும் இத இம்ப்ளிமென்ட் பண்ண முடியாது. மூணு ரெக்கார்டும் அதே ஃபைல்ல இருந்தா பெர்மிட்ஸ் கூட எழுத வேண்டாம். சாதாரண க்ளாஸா இருந்தா ஃபைனல், சீல்டு, நான் சீல்டு இதுல ஒண்ணு போட்டே ஆகணும், ரெக்கார்ட் எப்பவுமே ஃபைனல்ங்கிறதால அந்த வேலையும் இல்ல.

மூணாவது படி ரசீது. ஸ்விட்ச்ல பேமென்ட்ட குடுத்து, கேஸ் ரொக்கம் வந்தா இது, கேஸ் கார்டு வந்தா அதோட தொகையும் நாலு நம்பரும் பேங்கும் அங்கேயே தனித்தனி வேரியபிளா பிரிச்சு எடுத்துக்கலாம், காஸ்ட் கிடையாது. கூடவே வென் (when) போட்டு கண்டிஷனும் வைக்கலாம், தொகை பத்தாயிரத்துக்கு மேல இருக்கிற கார்டுக்கு கையெழுத்து வரி சேக்கணும்னா அது தனி கேஸ். வென் வச்ச கேஸ் மேல வரணும், சும்மா கார்டுங்கிற கேஸ் கீழ. மாத்தி வச்சா கம்பைலர் விடாது.

இப்ப நான் முதல்ல சொன்ன விஷயத்துக்கு வர்றேன். இந்த ஸ்விட்ச்ல டீஃபால்ட் எழுதாதீங்க. மூணு வகைதான் இருக்குன்னு சீல்டால கம்பைலருக்கு தெரியும், மூணும் இருந்தா போதும்னு ஏத்துக்கும். ஆறு மாசம் கழிச்சு கிஃப்ட் கூப்பன்னு நாலாவது வகை வருது. ரெக்கார்ட எழுதி பெர்மிட்ஸ்ல சேத்து கம்பைல் பண்ணுங்க: ரசீது அடிக்கிற இடம், ஜிஎஸ்டி ரிப்போர்ட், ரீஃபண்ட், தினசரி கணக்குன்னு பேமென்ட்ட ஸ்விட்ச்ல பிரிக்கிற ஒவ்வொரு ஃபைல்லயும், எல்லா வகையும் வரலன்னு எரர் வரும். அந்த எரர் லிஸ்ட்தான் நீங்க செய்ய வேண்டிய வேலை லிஸ்ட். பழைய எல்ஸ் இஃப் ஏணில இதுல ஒரு இடத்த மறந்திருந்தா கடைசி எல்ஸ்ல அமைதியா விழுந்து, மாசக் கடைசில கணக்கு இடிக்கும்போதுதான் தெரியும். சோம்பேறித்தனமா ஒரு டீஃபால்ட் போட்டு வச்சா இந்த பாதுகாப்பு மொத்தமா போயிடும், அதனாலதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

நல் (null, மதிப்பே இல்லாதது) வந்தா ஸ்விட்ச் எக்ஸெப்ஷன் அடிக்கும், வேணும்னா கேஸ் நல்னு தனியா எழுதலாம். அப்புறம் பேமென்ட் ஒரு ஜார்லயும் ஸ்விட்ச் இன்னொரு ஜார்லயும் இருந்து முதல் ஜார மட்டும் புதுசா போட்டா ஓடும்போது மேட்ச் எக்ஸெப்ஷன் வரும், ரெண்டையும் சேத்து பில்ட் பண்ணுங்க.

விர்ச்சுவல் த்ரெட்

சாதாரண த்ரெட் ஒவ்வொண்ணும் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட ஒரு த்ரெட், அதுக்குன்னு பொதுவா ஒரு எம்பி அளவுக்கு ஸ்டாக் ஒதுக்கும், அதனால சில ஆயிரத்துக்கு மேல போனா மெஷின் திணறும். விர்ச்சுவல் த்ரெட்ட ஜேவிஎம்மே பாத்துக்குது. நெட்வொர்க்குக்கோ டேட்டாபேஸுக்கோ காத்திருக்கும்போது அது தன்ன சுமக்குற நிஜ த்ரெட்ட, அதாவது கேரியர் த்ரெட்ட, விட்டு இறங்கிடும், அந்த கேரியர் வேற வேலைய எடுத்துக்கும். கேரியர் எண்ணிக்கை ப்ராசசர் கோர் எண்ணிக்கை அளவுதான்.

ஒரு கணக்கு பாருங்க. ஒரு செகண்ட் தூங்குற வேலை பத்தாயிரம். 200 த்ரெட் இருக்கிற பூல்ல போட்டா செகண்டுக்கு 200, மொத்தம் 50 செகண்ட். வேலைக்கு ஒரு விர்ச்சுவல் த்ரெட் போடுற எக்ஸிக்யூட்டர்ல குடுத்தா கிட்டத்தட்ட ஒரு செகண்ட்ல முடிஞ்சிடும். ஆனா தூங்குறதுக்கு பதிலா ஒரு செகண்ட் முழுக்க சிபியூல கணக்கு போடுற வேலையா இருந்தா ஒரு லாபமும் இல்ல, கோர் எத்தனையோ அத்தனைதான். காத்திருக்கிற வேலைக்குதான் இது.

ஸ்ப்ரிங் பூட் 3.2-ல இருந்து ஒரே ஒரு ப்ராப்பர்ட்டிய ட்ரூ பண்ணா எல்லா ரிக்வெஸ்டும் விர்ச்சுவல் த்ரெட்ல ஓட ஆரம்பிச்சிடும். ஆன் பண்றதுக்கு முன்னாடி இத பாருங்க.

விர்ச்சுவல் த்ரெட்ட பூல் பண்ணாதீங்க, ஒரு வேலைக்கு ஒண்ணு, முடிஞ்சா போகட்டும். ஒரே நேரத்துல எத்தனைன்னு கட்டுப்படுத்தணும்னா செமஃபோர் வைங்க. இதுவரைக்கும் 200 த்ரெட்ங்கிற எல்லையே டேட்டாபேஸ காப்பாத்திட்டு இருந்துச்சு. அது போனதும் எல்லாரும் கனெக்‌ஷன் பூல் வாசல்ல வந்து நிப்பாங்க, பூல பாத்துக்கிற ஹிகாரி லைப்ரரியோட டீஃபால்ட் பத்து கனெக்‌ஷன்தான், அங்க டைம் அவுட் அடிக்க ஆரம்பிக்கும். த்ரெட் லோக்கல்ல பெரிய ஆப்ஜெக்ட கேஷ் பண்ணி வச்சிருந்தா அதுவும் த்ரெட்டுக்கு ஒண்ணுன்னு பெருகி மெமரிய சாப்பிடும்.

அடுத்தது பின் (pin) ஆகுறது, அதாவது கேரியர்ல மாட்டிக்கிறது. 21-ல சிங்க்ரனைஸ்டு (ஒரு நேரத்துல ஒரு த்ரெட்ட மட்டும் உள்ள விடுற) ப்ளாக்குக்குள்ள இருந்து காத்திருந்தா விர்ச்சுவல் த்ரெட் கேரியர விட்டு இறங்காது, அப்படியே ஒட்டிக்கும். நாலு கோர் மெஷின்ல நாலு த்ரெட் இப்படி ஒட்டிக்கிட்டா வேற யாருக்கும் இடமே இல்ல. நெட்ஃப்ளிக்ஸ் இன்ஜினியர்கள் 2024-ல இத பத்தி விளக்கமா எழுதியிருக்காங்க, ஆப் உயிரோட இருந்தும் பதில் சொல்லாம நின்ன கதை அது. உங்க கோட்ல சிங்க்ரனைஸ்டுக்குள்ள ஐஓ நடக்கிற இடத்த ரீஎன்ட்ரன்ட் லாக்குக்கு மாத்துங்க, லைப்ரரி எல்லாம் புது வெர்ஷனுக்கு ஏத்துங்க, ஜேவிஎம்லயே இருக்கிற ஜேஎஃப்ஆர் ரெக்கார்டிங்ல விர்ச்சுவல் த்ரெட் பின்டு ஈவென்ட் எத்தனை வருதுன்னு லோட் டெஸ்ட்லயே பாருங்க. ஜாவா 24-ல இந்த சிங்க்ரனைஸ்டு பிரச்சனைய அடியோட சரி பண்ணிட்டாங்க.

சின்னதா ஆனா தினமும் உதவுறது

லிஸ்டோட கடைசி ஐட்டத்துக்கு சைஸ்ல ஒண்ண கழிக்கிற வேலை இனி இல்ல, கெட் லாஸ்ட் வந்திருக்கு, கெட் ஃபர்ஸ்ட், ரிவர்ஸ்டும் இருக்கு. ரிவர்ஸ்டு தர்றது காப்பி இல்ல, அதே லிஸ்ட்டோட பின்பக்க பார்வை, அதுல சேத்தா மூலத்துலயும் சேரும். 16-ல வந்த ஸ்ட்ரீமோட டு லிஸ்ட் தர்ற லிஸ்ட்ல எதையும் சேக்க முடியாது. பழைய கலெக்டர்ஸ் டு லிஸ்ட கண்ண மூடிட்டு இதா மாத்தினா எங்கேயோ ஆட் பண்ற இடத்துல எக்ஸெப்ஷன் வரும். எஸ்க்யூஎல், ஜேசன் மாதிரி பல வரி டெக்ஸ்ட அப்படியே எழுத டெக்ஸ்ட் ப்ளாக் இருக்கு. அப்புறம் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் இப்ப எந்த மெத்தட் நல் குடுத்துச்சுன்னு பேரோட சொல்லுது, இந்த ஒண்ணுக்காகவே 8-அ விடலாம்.

ப்ரிவ்யூன்னு, அதாவது இன்னும் முடிவாகாத சோதனை வசதின்னு, போட்டு வர்ற எதையும் ப்ரொடக்‌ஷன்ல சேக்காதீங்க. 21-ல ஸ்ட்ரிங் டெம்ப்ளேட் ப்ரிவ்யூவா வந்துச்சு, 22-லயும் இருந்துச்சு, 23-ல மொத்தமா எடுத்துட்டாங்க.

21-ஆ 25-ஆ

25 வந்தது 2025 செப்டம்பர்ல. மெயின் மெத்தட க்ளாஸ் இல்லாம, பப்ளிக் ஸ்டாட்டிக் இல்லாம எழுதலாம், புதுசா படிக்கிறவங்களுக்கு முதல் நாள் பயம் நிறைய குறையும். கன்ஸ்ட்ரக்டர்ல சூப்பர் கூப்பிடுறதுக்கு முன்னாடியே ஆர்க்யூமென்ட செக் பண்ணலாம், த்ரெட் லோக்கலுக்கு பதிலா உபயோகிக்கிற ஸ்கோப்டு வேல்யூ நிலையாயிடுச்சு. ஒவ்வொரு ஆப்ஜெக்டோட ஹெடரையும் 8 பைட்டா சுருக்குற ஒரு ஃப்ளாகும் இருக்கு, சின்ன சின்ன ஆப்ஜெக்ட் லட்சக்கணக்குல வச்சிருக்கிற ஆப்ல ஹீப் குறையுதான்னு போட்டு பாருங்க. விர்ச்சுவல் த்ரெட்ட நம்பி இறங்குறவங்க, லைப்ரரி எல்லாம் ஒத்துழைச்சா, 21-ல நிக்காம நேரா 25-க்கே போங்க, அந்த பின் பிரச்சனை அங்க இல்ல. மத்தவங்களுக்கு 21 தாராளமா போதும். 8-ல இருந்து 21-க்கு ஏறும்போதுதான் மேல சொன்ன உடைசல் எல்லாம் வரும், 21-ல இருந்து 25 போறது பெரும்பாலும் லாம்போக், மாக்கிட்டோ (டெஸ்ட் லைப்ரரி), பில்ட் டூல் வெர்ஷன ஏத்துற வேலையோட முடிஞ்சிடும்.